ஆய்வுக்கூடத்தில் தடை, மாட்டுக் கொட்டகையில் தாராளம்

சில ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சி வட்டாரத்தில் ஒரு கிராமத்தில் விவசாயிகள் பயிற்சிக் கூட்டம் நடந்தது. உயிர் உரங்களைப் பற்றி நான் பேசி முடித்ததும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். நாலு ஏக்கர் தென்னை, மூன்று கறவை மாடு, புறக்கடையில் முப்பது கோழி வைத்துப் பிழைப்பவர்.

"ஏனுங்க சார், பாக்டீரியாவுல இருக்கிற ஜீனை எடுத்துப் பருத்திச் செடியில வெச்சுட்டீங்களாமா? அது எங்க மண்ணுல பரவிப் போயிடாதுங்களா? இதையெல்லாம் யாரைக் கேட்டுப் பண்றீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொன்னேன். செடியில் உள்ள ஜீன் மண்ணிலுள்ள பாக்டீரியாவுக்குத் தாவுவது மிக அரிது; ஆனாலும் சோதனை இல்லாமல் யாரும் வயலுக்குக் கொண்டு வந்துவிட முடியாது; அதற்குச் சட்டமும் குழுக்களும் உண்டு என்றேன். அவர் முழுத் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும், மோர் குடித்துவிட்டுப் போகலாம் என்று தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். மாட்டுக் கொட்டகைச் சுவரில் விளக்கு வைக்கும் மாடம் ஒன்று. அதில் விளக்கு இல்லை. பாதி காலியான ஊசி மருந்துப் புட்டிகள் நாலைந்தும், கோழித் தண்ணீரில் கலக்கும் பொடிப் பொட்டலம் ஒன்றும் இருந்தன. எல்லாம் ஆன்டிபயாடிக் மருந்துகள்.

"மடி வீங்குனா இதுல கொஞ்சம் போடச் சொல்லுவனுங்க. ரெண்டு நாள்ல வத்திருமுங்க. மீதியை அடுத்த மாட்டுக்கு எடுத்து வெச்சுக்குவேன். கோழிக்கு மழைக்காலத்துல சும்மாவே கொஞ்சம் கலக்கறதுதானுங்க" என்றார், சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவரின் பெருமையோடு.

பாக்டீரியாவின் ஜீன் இடம் மாறுவதைப் பற்றி அவர் என்னைக் கேட்ட கேள்வியை அன்று நான் அவரிடம் திருப்பிக் கேட்கவில்லை. இன்று இந்தப் பக்கத்தின் மூலமாக எல்லா விவசாயிகளையும் கேட்கிறேன். நம் கொட்டகையில் நாள்தோறும் ஜீன்கள் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. யாரைக் கேட்டு இதைச் செய்கிறோம்?

பத்திரமும் சீட்டும்

இதைப் புரிந்துகொள்ள பிளாஸ்மிட் என்ற சிறு பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம்.

பாக்டீரியா என்பது ஒற்றைச் செல் உயிர். அது எப்படி வாழ வேண்டும், எதைத் தின்ன வேண்டும், எப்படிப் பெருக வேண்டும் என்ற விவரங்கள் எல்லாம் அதன் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கின்றன. நம் குடலிலும் மாட்டின் குடலிலும் கோழியின் குடலிலும் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் குரோமோசோமில் இப்படி சுமார் 46 லட்சம் எழுத்துகள் உண்டு. இது தவிர, பல பாக்டீரியாக்களில் தனியாக ஒரு சிறு வளையம் இருக்கும். சில ஆயிரம் எழுத்துகளிலிருந்து சில லட்சம் எழுத்துகள் வரை அதில் இருக்கலாம். இந்த வளையத்துக்குத்தான் பிளாஸ்மிட் என்று பெயர். 1952ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசுவா லெடர்பர்க் இந்தப் பெயரைச் சூட்டினார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். குரோமோசோம் என்பது பெட்டியில் பூட்டி வைத்த நிலப் பத்திரம். அது வாரிசுக்கு மட்டுமே போய்ச் சேரும். பிளாஸ்மிட் என்பது இடுப்பில் செருகிய கைவைத்தியச் சீட்டு. வாரிசுக்கும் போகும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அவருக்கும் ஒரு நகல் போகும், ஊர் தாண்டி வேறு சாதி சனத்துக்கும் போகும். இரண்டு பாக்டீரியாக்கள் அருகருகே வரும்போது ஒன்று மெல்லிய குழாய் போன்ற இணைப்பை நீட்டி, தன் பிளாஸ்மிட்டின் நகலை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததும் குறையாது, பெற்றதும் இனி பிறருக்குக் கொடுக்கும். பெறுவது அதே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பிளாஸ்மிட் கெட்ட பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் மாட்டுக்குப் போடும் குதிரை மசாலின் வேரில் முடிச்சுகள் இருக்கும். அவற்றில் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு, முடிச்சு உண்டாக்கவும் தழைச்சத்தைப் பிடிக்கவும் வேண்டிய முக்கியமான ஜீன்கள் ஒரு பெரிய பிளாஸ்மிட்டில்தான் இருக்கின்றன. அந்த வளையம் போய்விட்டால் பாக்டீரியா உயிரோடு இருக்கும். ஆனால் முடிச்சு விழாது.

இன்னொன்றும் உண்டு. திராட்சை, ரோஜா, ஆப்பிள் போன்ற செடிகளில் மண்ணை ஒட்டிய தண்டில் கழலை போல முண்டு கட்டும் நோய் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா, தன் பிளாஸ்மிட்டின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள்ளேயே செலுத்திவிடுகிறது. கழலைக்குக் காரணம் அந்தப் பிளாஸ்மிட்தான் என்பதை 1974இல் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகர விஞ்ஞானிகள் கண்டார்கள். கழலை உண்டாக்கும் ஜீன்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நமக்கு வேண்டிய ஜீனை வைத்தால் பாக்டீரியா அதையும் செடிக்குள் கொண்டு சேர்த்துவிடும் அல்லவா? 1983இல் அப்படியே முதல் செடிகள் உருவாயின. இந்தியாவில் 2002இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியும் இந்த வழியில் வந்ததுதான். அதில் வைத்த புழுக்கொல்லி ஜீன் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. அந்தப் பாக்டீரியாவிலும் இத்தகைய ஜீன்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில்தான் இருக்கின்றன.

ஆகவே மரபணு மாற்றத் தொழில்நுட்பம் என்பது பாக்டீரியாவிடமிருந்து மனிதன் கற்றுக்கொண்ட வித்தை. குருவுக்கு அனுமதி தேவையில்லை, சீடனுக்குத்தான் தேவைப்படுகிறது.

விஞ்ஞானிகளே போட்டுக்கொண்ட தடை

1973இல் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹென், ஹெர்பர்ட் பாயர் ஆகியோரின் குழுவினர் இரண்டு பிளாஸ்மிட்டுகளை வெட்டி ஒட்டி, புதிய பிளாஸ்மிட்டாக ஈ.கோலைக்குள் செலுத்திக் காட்டினார்கள். ஒன்றில் டெட்ராசைக்ளின் மருந்தைத் தாங்கும் ஜீன். மற்றொன்றில் கானமைசின் மருந்தைத் தாங்கும் ஜீன். ஒட்டிய பிளாஸ்மிட் புகுந்த பாக்டீரியா இரண்டு மருந்துக்கும் சாகவில்லை. மரபணுப் பொறியியல் தொடங்கியது இங்கேதான். சர்க்கரை நோயாளிகளுக்கு மனித இன்சுலினை பாக்டீரியாவைக் கொண்டே செய்து தரும் வசதி 1982இல் விற்பனைக்கு வந்தது என்றால், அதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1974இல் பால் பெர்க் தலைமையில் 11 விஞ்ஞானிகள் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். சில வகைச் சோதனைகளை இப்போதைக்கு யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவற்றில் முதலாவது எது தெரியுமா? ஆன்டிபயாடிக் மருந்தைத் தாங்கும் ஜீனை, அது இதுவரை இல்லாத பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் மூலம் புகுத்தும் சோதனை. கோஹென், பாயர் இருவருமே அதில் கையெழுத்திட்டார்கள். தாங்கள் கண்டுபிடித்த வித்தைக்குத் தாங்களே கடிவாளம் போட்டார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அசிலோமார் என்ற இடத்தில் சுமார் 140 பேர் கூடி, எந்தச் சோதனையை எவ்வளவு பாதுகாப்போடு செய்யலாம் என்று விதிமுறைகளை வகுத்தார்கள்.

நம் நாட்டிலும் 1989இல் இதற்கான விதிகள் வந்தன. ஆய்வு நிலையத்தில் ஒரு குழு, அதற்கு மேல் ஒரு குழு, மத்திய அரசில் ஒரு குழு என்று படிப்படியாகத் தாண்ட வேண்டும். தாண்டிய பிறகும் பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் அரசு நிறுத்தி வைத்தது. இது சரியா தவறா என்று வாதாடலாம். பி.டி. பருத்தியால் லாபமா நட்டமா என்றும் வாதாடலாம். அது வேறு கட்டுரை. கேட்பதற்கு ஆள் இருக்கிறது, சோதனை இருக்கிறது, தடுக்கக் கதவு இருக்கிறது என்பதே இங்கே நான் சொல்ல வந்தது.

கோழிக் கூண்டிலிருந்து வீட்டுக்குள்

விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அதே காலத்தில் பண்ணைக் கதவு அகலத் திறந்து கிடந்தது.

பிளாஸ்மிட் நோய் மருந்தை வெல்லும் என்பது ஜப்பானில்தான் முதலில் தெரிந்தது. 1950களில் அங்கே சீதபேதிக்குக் காரணமான ஷிகெல்லா பாக்டீரியா ஒன்றல்ல, நான்கு மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் அசையாமல் நின்றது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பழகியிருந்தால் இப்படி ஒரே தாவலில் நான்கையும் தாண்ட முடியாது. குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலையிடமிருந்து ஷிகெல்லாவுக்கு நான்கு ஜீன்களும் ஒரே மூட்டையாகக் கைமாறுகின்றன என்பதை 1959இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினார்கள். அந்த மூட்டைதான் பிளாஸ்மிட்.

இங்கே ஒரு நுட்பத்தை விவசாயிகள் கவனிக்க வேண்டும். ஒரே வளையத்தில் நான்கு ஜீன்கள் இருந்தால், அவற்றில் ஒரு மருந்தை நீங்கள் கொடுத்தாலே போதும். நான்கையும் தாங்கும் பாக்டீரியா பிழைத்துப் பெருகும். நீங்கள் ஒரு முறைகூட வாங்காத மருந்தும் உங்கள் கொட்டகையில் செல்லாக் காசாகிவிடும்.

அமெரிக்காவில் போஸ்டன் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பண்ணையில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் நடத்திய ஆய்வு 1976இல் வெளிவந்தது. ஒரு தொகுதிக் கோழிகளுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீவனமும், மற்றொரு தொகுதிக்கு மருந்தில்லாத தீவனமும் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில், மருந்து தின்ற கோழிகளின் குடல் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ எல்லாமே அந்த மருந்தைத் தாங்கத் தொடங்கின. பிறகு, அவற்றுக்குக் கொடுக்காத வேறு மருந்துகளையும் தாங்கின. ஐந்தாறு மாதத்தில் அந்தப் பண்ணை வீட்டாரின் மலத்திலும் மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் மிகுந்தன. பக்கத்து வீட்டாரிடம் அவ்வாறு மிகவில்லை. சோதித்தபோது ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட்டுகள் அவற்றில் இருந்தன.

மருந்தைத் தின்றது கோழி. விளைவு போய்ச் சேர்ந்தது தீவனம் வைத்த கைக்கு, அந்தக் கை சோறு போட்ட பிள்ளைக்கு. விஞ்ஞானிகள் தங்களுக்குள் தடை செய்துகொண்ட அதே சோதனை, வெள்ளைக் கோட்டும் குழுவும் இல்லாமல் கோழிக் கூண்டில் நடந்து முடிந்தது.

கடைசி மருந்துக்கு வந்த ஆபத்து

கோலிஸ்டின் என்ற மருந்தின் கதை இன்னும் கசப்பானது. பழைய மருந்து அது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மனித வைத்தியத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மனிதருக்குத்தான் வேண்டாமே என்று பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் எடை கூடுவதற்காகத் தீவனத்திலேயே கலந்தார்கள். காலம் மாறியது. மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபோது, தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் வேறு வழியில்லாமல் அதே கோலிஸ்டினைக் கடைசி ஆயுதமாக எடுத்தார்கள்.

அவர்களுக்கு ஏன் அந்த நிலை வந்தது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. கார்பபெனம் என்ற உயர்ந்த வகை மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் 'என்.டி.எம்.1' என்ற ஜீனைப் பற்றி 2010இல் ஒரு பன்னாட்டு ஆய்வு வெளிவந்தது. அதில் சென்னையில் எடுத்த நோய்க்கிருமிகளில் 44இல் அந்த ஜீன் இருந்தது. சென்னைக் கிருமிகளில் அது எளிதில் தாவக்கூடிய பிளாஸ்மிட்டில் இருந்ததாகவும் அந்த ஆய்வு சொன்னது. இது பண்ணையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. மனிதர்களுக்கு ஆன்டிபயாடிக்கை மிட்டாய் போலக் கொடுத்ததற்கும் இதில் பங்கு உண்டு. குற்றம் முழுவதையும் விவசாயி தலையில் கட்டுவது நியாயம் ஆகாது.

ஆனால் கடைசி ஆயுதமான கோலிஸ்டினுக்கு வந்த ஆபத்து பண்ணை வழியாகவே வெளிப்பட்டது. அதுவரை கோலிஸ்டினைத் தாங்கும் தன்மை குரோமோசோமில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. அதாவது பெட்டியில் பூட்டிய பத்திரம். 2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் அது பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டதை அறிவித்தார்கள். ஷாங்காயில் ஒரு பன்றியிடம் எடுத்த ஈ.கோலையில் அதைக் கண்டார்கள். அந்த ஜீனுக்கு 'எம்.சி.ஆர்.1' என்று பெயர். தேடிப் பார்த்தபோது 804 கால்நடைகளில் 166இலும், கடையில் வாங்கிய 523 இறைச்சி மாதிரிகளில் 78இலும், 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் அதே ஜீன் இருந்தது. எங்கே மிகுதி, எங்கே குறைவு என்று வரிசையைப் பார்த்தாலே, எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

சீனா 2017இல் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. நம் மத்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் ஆகியவற்றுக்காகக் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. பிரிட்டனில் ஸ்வான் குழு 1969இலேயே இப்படி எச்சரித்தது. ஐரோப்பிய நாடுகள் எடை கூட்டத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 2006இல் முற்றாக நிறுத்தின. சொன்னதற்கும் செய்ததற்கும் இடையே 37 ஆண்டுகள் போயின. பாக்டீரியாவோ வசதி இருந்தால் 20 நிமிடத்தில் ஒரு தலைமுறை எடுக்கும்.

எங்கள் பங்கும் உண்டு

விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் கண்டால் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த மருந்தைத் தெளிக்கச் சொல்லி என்னைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களே பல ஆண்டுகள் பரிந்துரைத்திருக்கிறோம். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு மருந்து என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. வயல் வேறு, ஆஸ்பத்திரி வேறு என்று நினைத்தோம். பிளாஸ்மிட்டுக்கு அந்த வரப்பு தெரியாது. பயிருக்கு இந்த இரண்டு மருந்துகளையும் நிறுத்தும் நோக்கத்தோடு மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டபோது, இதை நாங்களே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. எதிர்ப்புத் திறனுள்ள ரகம், அளவான தழைச்சத்து, நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாமை, நோயுற்ற வயலின் நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் பார்த்தல் ஆகிய இவற்றை முதலில் சொல்லி, மருந்தைக் கடைசியில் சொல்லியிருக்க வேண்டும்.

விவசாயிகள் கேட்கும் எதிர்க்கேள்விகளும் நியாயமானவை. "மாடு ஒண்ணு போனா அறுபது எழுபதாயிரம் போச்சுங்க. டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுங்களா?" என்கிறார்கள். பல்லடம், நாமக்கல் பக்கம் ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்ப்பவர், "குஞ்சும் கம்பெனிது, தீவனமும் கம்பெனிது, மருந்தும் கம்பெனிது. நான் கூலிக்கு வளர்க்கிறேன். என்னைக் கேட்டு என்ன பயன்?" என்கிறார். இவற்றுக்கு விவசாயி தனியாகப் பதில் சொல்ல முடியாது. தீவன மூட்டையில் என்ன மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று தமிழில் அச்சிட வேண்டியது கம்பெனியின் கடமை. மடிநோய்ப் பாலைச் சோதித்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் வசதியை கிராமத்துக்கு எட்டும் தூரத்தில் வைப்பது அரசின் கடமை. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்காமல் இருப்பது மருந்துக் கடையின் கடமை. மரபணு மாற்றப் பயிருக்கு எத்தனை குழு என்று கேட்கும் நாம், இவற்றுக்காகவும் அதே உரத்த குரலில் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

நாம் உடனே செய்யக்கூடியவை

ஆனாலும் மற்றவர் கடமையைச் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருந்துச் செலவு குறைவதால் இதில் நமக்கும் லாபம் உண்டு.

முதலாவது, நோய் இல்லாத கோழிக்கும் கன்றுக்கும் முன்னெச்சரிக்கை என்றோ எடை கூடும் என்றோ ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம். கோழியின் வெள்ளைக் கழிச்சலும் மாட்டின் கோமாரியும் வைரஸ் நோய்கள். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. அவற்றுக்குத் தடுப்பூசிதான் வழி. காலம் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மடிநோயை வரவிடாமல் தடுப்பது மலிவு. தரை காய்ந்திருக்கட்டும். கறப்பதற்கு முன் மடியைக் கழுவித் துடையுங்கள். கறந்து முடித்ததும் காம்பைக் கிருமிநாசினிக் கரைசலில் முக்குங்கள். கறந்தவுடன் காம்பின் துவாரம் திறந்திருக்கும். மாடு படுத்தால் சாணக் கிருமி ஏறும். ஆகவே கறந்ததும் தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள். நோய் தொடங்கும்போதே சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு அரைத்துத் தடவும் மூலிகை முறையைக் கால்நடை மருத்துவர்களே இப்போது சொல்லித் தருகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சலோ, பாலில் இரத்தமோ கண்டால் மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது, மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால் அவர் சொன்ன அளவை, சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள். ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. உண்மையான நோய்க்கு அது உயிர் காக்கும். மீதம் பிடித்துச் சேர்த்து வைப்பதுதான் ஆபத்து. ஊசி போட்ட மாட்டின் பாலை அவர் குறிப்பிடும் நாள் வரை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று கன்றுக்கும் ஊட்டாதீர்கள். அந்தக் கன்றின் குடல்தான் பிளாஸ்மிட்டுக்கு நாற்றங்கால் ஆகும். கன்றுக்குப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தால் பாதி மருந்து தேவைப்படாது.

நான்காவது, கோழி எருவையும் பச்சைச் சாணத்தையும் அப்படியே கீரைப் பாத்தியில் போடாதீர்கள். குவித்து, ஈரம் காத்து, இரண்டு மூன்று முறை புரட்டி, குவியலின் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறி இறங்கிய பிறகு போடுங்கள். நன்கு மக்கிய எருவில் இத்தகைய பாக்டீரியாக்கள் வெகுவாகக் குறையும். முற்றிலும் அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் பச்சை எருவோடு ஒப்பிட இது எவ்வளவோ மேல்.

திருந்தினால் பலன் உண்டா?

உண்டு என்பதுதான் இந்தக் கதையில் உள்ள நல்ல செய்தி. தேவையில்லாத பிளாஸ்மிட் பாக்டீரியாவுக்கு ஒரு சுமை. மருந்தின் அதட்டல் இல்லாத இடத்தில், அதைச் சுமக்கும் பாக்டீரியா சுமக்காததோடு போட்டி போட முடியாமல் பல நேரம் பின்தங்கிவிடுகிறது. எல்லாப் பிளாஸ்மிட்டும் இப்படிக் கழன்றுவிடாது. சில பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் போஸ்டன் பண்ணையில் மருந்துத் தீவனத்தை நிறுத்திய சில மாதங்களில் அந்த வீட்டாரில் பெரும்பாலோரிடம் மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் மறைந்தன. சீனாவில் தடைக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் கோலிஸ்டினைத் தாங்கும் ஈ.கோலை பன்றியிலும் கோழியிலும் வெகுவாகக் குறைந்தது. நாம் நிறுத்தினால் அதுவும் இறங்கும் என்பதற்கு இவை சான்று.

பூச்சிமருந்தில் இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம். ஒரே மருந்தை விடாமல் அடித்து அடித்து, எந்த மருந்துக்கும் சாகாத காய்ப்புழுவை நாமே வளர்த்தோம். அங்கே இழந்தது ஒரு போக மகசூல். இங்கே இழக்கப் போவது, நம் வீட்டுக் குழந்தைக்கு நாளை ஆஸ்பத்திரியில் போட வேண்டிய ஊசி.

அந்தப் பெரியவரின் கேள்வியை நான் இன்றும் மதிக்கிறேன். புது விதை வந்தால் நூறு கேள்வி கேளுங்கள். கேட்க வேண்டியது உங்கள் உரிமை. அதோடு இன்று மாலை கறவைக்குப் போகும்போது உங்கள் கொட்டகை மாடத்தையும் ஒரு முறை பாருங்கள். பாதிப் புட்டி இருந்தால் அதைச் சாக்கடையில் ஊற்றாமல், அடுத்த முறை கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போய், என்ன செய்வது என்று மருத்துவரைக் கேளுங்கள். மாடத்தில் மறுபடி விளக்கே இருக்கட்டும்.